ஏரிக்கரை அன்னையின் பயிற்சியாளர் நூட் ராக்னி

வட ஐரோப்பாவிலுள்ள நார்வே நாட்டில், மலைகள் சூழ்ந்த வொஸ் என்னும் ஊரில் 1888-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் நூட் ராக்னி பிறந்தார். தந்தையார் லார்ஸ் குதிரை வண்டி செய்வதில் கைதேர்ந்தவர். 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ மாநகரில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதையொட்டிக் கூடிய சர்வ சமயப் பேரவையில்தான் சுவாமி விவேகானந்தர் உரையாற்றினார் என்பது நம் மாணவிகள் அறிந்ததே. அந்தப் பொருட்காட்சியை நாடித் தம் கைவண்ணத்துடன் கடல் கடந்து வந்த லார்ஸ், ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். சிறிது காலத்தில் மனைவியும் மக்களும் வந்து சேர்ந்தனர். அப்போது நூட்டுக்கு வயது 5. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. குடும்பத்தார் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன்தான். ஆனால் ஓட்டப் பந்தயத்திலும் பந்தாட்டத்திலும் இருந்த மோகத்தால் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலே விட்டுவிட்டான். பிறகு சிகாகோ தபால் நிலையத்தில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் பிரித்துக் கடிதங்களை இரயிலுக்கு அனுப்பும் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கல்லூரிக்கென்று சேர்த்து வைத்தார். 22-ஆம் வயதில், உடன் படிப்பவர்களைவிட மூத்தவராய், தலைமுடி ஏற்கெனவே உதிரத் தொடங்கிய நிலையில், 1910-இல் இந்தியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகருக்கு இரயில் ஏறினார். சென்று சேர்ந்த இடம் நோட்டர் டேம் பல்கலைக்கழகம்.

நோட்டர் டேம் என்றால் பிரெஞ்சு மொழியில் நம் அன்னை, அதாவது தேவமாதா. திருச்சிலுவைச் சபைக் குருவாகிய சொரேன் அடிகள் 1842-இல், பனி மூடிய ஏரிக்கரையில் ஏறக்குறைய வெறுங்கையோடு தொடங்கிய கல்விக்கூடம் அது. அதன் முழுப் பெயருக்கு ஏரிக்கரை அன்னை என்று பொருள். ஐரிஷ், போலிஷ், ஜெர்மானியக் குடியேறிகளின் பிள்ளைகளே அங்கு மிகுதி. பெண்களுக்கு அந்நாளில் அங்கே இடமில்லை. 1972-இல்தான் இளங்கலை வகுப்புகளில் மாணவியரைச் சேர்த்தனர். அதுவரை அருகிலிருந்த கன்னியர் நடத்தும் செயின்ட் மேரீஸ் கல்லூரிதான் அவர்களுக்கு. இத்தகைய கத்தோலிக்கக் கூடத்தில் லூத்தரன் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கால்பந்து என்று சொல்வது நாம் காணும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிர் அணியினர் ஓடுபவரை மடக்கித் தரையில் வீழ்த்த வேண்டும். பந்து இருந்தாலும், நம் சடுகுடு தெரிந்தவர்களுக்கு இதன் சூடு விளங்கும். ஓர் அணிக்கு 11 பேர். மைதானம் 100 கஜம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். முற்காலத்தில் இது மாடுகள் முட்டிக்கொள்வது போன்ற ஆட்டமாக இருந்தது. ஆட்டத்தில் மாணவர்கள் உயிரிழப்பதும் உண்டு. அதனால் எழுந்த கண்டனத்துக்குப் பின் 1906-இல் விதிகளைத் திருத்தி, பந்தை முன்புறமாக எறியலாம் என்று அனுமதித்தனர். ஆனால் பெரிய கல்லூரிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராக்னி இரசாயனமும் மருந்தியலும் படித்தார். இரசாயனக் கூடத்தில் நியூலண்ட் அடிகளுக்கு உதவியாளராக இருந்து செலவுக்குச் சம்பாதித்தார். செயற்கை இரப்பர் உருவாக வழிகாட்டிய ஆராய்ச்சிகளைச் செய்தவர் இந்தக் குருவானவரே. மாணவர் இசைக்குழுவில் ராக்னி புல்லாங்குழல் வாசித்ததும் உண்டு. கம்பூன்றித் தாண்டியதும் உண்டு. பந்தாட்டத்தில் முதல் ஆண்டு அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

1913-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவரும் அறைத் தோழர் கஸ் டோரேயும் ஒஹாயோ மாநிலத்தின் சீடார் பாயின்ட் கடற்கரை போன்ற ஏரிக்கரையில் வேலைக்குச் சென்றனர். வேலை முடிந்த நேரமெல்லாம் மணலில் ஒருவர் எறிய, மற்றவர் ஓடிக்கொண்டே பிடிக்கப் பழகினர். அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியின் அணியை அவர்கள் ஊரிலேயே சந்தித்தனர். பெயர் தெரியாத மேற்கத்திக் கல்லூரி என்று எண்ணியிருந்த இராணுவ அணியினரின் தலைக்கு மேலாகப் பந்து பறந்தது. டோரே எறிந்த 17-இல் 14 சரியாகப் போய்ச் சேர்ந்தன. நோட்டர் டேம் 35, இராணுவம் 13. பந்தெறிதலை இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று பலர் எழுதிவிட்டனர், அது சரியன்று. மற்றவர்கள் முன்பே எறிந்திருக்கின்றனர். ஆனால் அதைப் பெரிய அணிகள் திரும்பிப் பார்க்கும்படி செய்தது அந்த ஒரு பிற்பகல்தான்.

1914-இல் உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் போனி ஸ்கைல்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தனர். இரசாயன ஆசிரியராகவும் துணைப் பயிற்சியாளராகவும் தம் கல்லூரியிலேயே அமர்ந்தவர், 1918-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அவருடைய பயிற்சி முறையில் வலிமையைவிட வேகத்துக்கும் ஒழுங்குக்கும் மதிப்பு அதிகம். நான்கு ஆட்டக்காரர்கள் ஒரு வரிசையில் நிற்பார்கள். எண்ணிக்கை சொன்னதும் நால்வரும் ஒரே தாளத்தில் துள்ளி வேறிடத்தில் அமைவார்கள். எதிரி தன்னைச் சரிசெய்துகொள்ளுமுன் பந்து புறப்பட்டுவிடும். நாட்டியம் பயிலும் நம் மாணவிகள் இதைக் கண்டால் அடவு என்றே சொல்வார்கள். இது எதிரிகளுக்குப் பெருந்தொல்லையாகி, துள்ளிய பின் ஒரு வினாடி அசையாமல் நிற்க வேண்டுமென்று பின்னர் விதியையே மாற்றினார்கள்.

பேச்சிலும் வல்லவர். ஆனால் பேச்சுக்காக உண்மையை வளைக்கத் தயங்காதவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1922-இல் அட்லாண்டாவில் ஓர் ஆட்டத்துக்கு முன், தம் சிறுமகன் பில்லி மருத்துவமனையில் கிடப்பதாகவும் தந்தையின் அணி வெல்ல வேண்டுமென்று விரும்புவதாகவும் ஒரு தந்தியைத் தழுதழுத்த குரலில் படித்தார். பையன்கள் உருகிப்போய் விளையாடி வென்றனர். ஊர் திரும்பியபோது இரயில் நிலையத்தில் அந்தப் பில்லி நல்ல ஆரோக்கியத்துடன் துள்ளிக்கொண்டு நின்றான்! ஆட்டக்காரர்கள் சிரித்து மன்னித்துவிட்டார்கள். எனக்கென்னவோ இது மன்னிக்கக் கடினமான விளையாட்டாகவே படுகிறது. பெற்ற பிள்ளைக்கு நோய் என்று யாராவது சொல்வார்களா?

இனி 1924-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டின் வெற்றிகளை அறிய, அன்றைய இந்தியானாவை அறிய வேண்டும். வெள்ளை முகமூடியும் அங்கியும் அணிந்து, இரவில் சிலுவையைக் கொளுத்தும் கூ கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டம் அப்போது அங்கே வேரூன்றியிருந்தது. அம்மாநிலத்தில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் உறுப்பினர். கறுப்பின மக்களையும் யூதர்களையும் போலவே கத்தோலிக்கர்களையும் அவர்கள் பகைத்தனர். கத்தோலிக்கர்கள் பாப்பரசருக்கே கட்டுப்பட்டவர்கள், நாட்டுக்கு உண்மையாக இருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் பரப்பிய பழி. கத்தோலிக்க ஆசிரியைகளை அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்க வேண்டுமென்றும் கூச்சலிட்டனர்.

1924 மே 17-ஆம் நாள் சௌத் பெண்ட் நகரில் பேரணி நடத்த அவர்கள் இரயில்களில் வந்து இறங்கினர். நோட்டர் டேம் மாணவர்கள் திரண்டு போய் அங்கிகளைக் கிழித்து விரட்டினர். கிளான் அலுவலகச் சன்னலில் மின்விளக்குகளால் அமைத்திருந்த சிலுவையை உருளைக்கிழங்கு எறிந்தே உடைத்தார்களாம். இரண்டு நாள் கழித்து மீண்டும் மோதல் மூண்டபோது மாணவர் பலர் அடிபட்டு இரத்தம் சிந்தினர். பல்கலைக்கழகத் தலைவர் மாத்யூ வால்ஷ் அடிகள் விரைந்து வந்து, நீதிமன்றத்தருகே இருந்த நினைவுச் சின்னத்தின்மேல் ஏறி நின்று, பழிவாங்க வேண்டாம், கல்லூரிக்குத் திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கீழ்ப்படிந்து திரும்பினர். அவ்வாண்டு நவம்பரில் கிளான் ஆதரவு பெற்றவரே மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தச் சூழலில்தான் பந்தாட்டப் பருவம் தொடங்கியது.

அந்த அணியின் பின்வரிசையில் நால்வர்: ஹாரி ஸ்டூல்ட்ரேயர், ஜிம் க்ரௌலி, டான் மில்லர், எல்மர் லேடன். ஒருவருடைய எடையும் சராசரியாக 72 கிலோவைத் தாண்டாது. இந்த ஆட்டத்துக்கு இது மிகக் குறைவு. இவர்களுக்கு வழிவகுக்கும் முன்வரிசையில் ஏழு பேர். அக்டோபரில் லம்பார்டு கல்லூரியை 40-0 என்றும், வபாஷ் கல்லூரியை 34-0 என்றும் வென்ற பின், அக்டோபர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் இராணுவ அணியைச் சந்தித்தனர். அணித் தலைவர் ஆடம் வால்ஷ் முன்வரிசையின் நடுவில் நிற்பவர். அன்று அவருடைய இரண்டு கைகளிலும் எலும்பு முறிந்திருந்தது. அந்தக் கைகளோடு ஆட்டம் முழுவதும் நின்றார். 13-7 என்று நோட்டர் டேம் வென்றது.

அன்று பத்திரிகையாளர் கிராண்ட்லண்ட் ரைஸ் அரங்கில் இருந்தார். வேதாகமத்தின் கடைசி நூலாகிய காட்சியாகமத்தில் 6-ஆம் அதிகாரத்தில் நான்கு குதிரை வீரர்கள் வருகிறார்கள் அல்லவா? அவர்களுக்கு ஒப்பிட்டு இந்த நால்வரைப் பற்றி எழுதினார். மறுநாள் நாடெங்கும் அது பேச்சாயிற்று. கல்லூரியின் செய்தித் தொடர்பைக் கவனித்த மாணவர் ஒருவர் சும்மா இருக்கவில்லை. நால்வரும் சீருடையில், ஆளுக்கொரு குதிரைமேல் பந்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் படத்தை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டார். நால்வரில் சிலருக்குக் குதிரையைக் கண்டால் நடுக்கம்! அந்தப் படம் இன்றும் அமெரிக்கர் அறிந்த படம்.

புகழ் தலைக்கேறாமல் பார்த்துக்கொள்வது ராக்னியின் வேலையாயிற்று. முன்வரிசை ஏழு பேருக்கு ஏழு கோவேறு கழுதைகள் என்று பெயர் வந்துவிட்டது. ஓர் ஆட்டத்தில் அந்த ஏழு பேரையும் வெளியே உட்கார்த்திவிட்டு, இரண்டாம் தர வரிசைக்குப் பின்னால் குதிரை வீரர்களை ஆடவிட்டாராம். நால்வராலும் ஓரடி நகர முடியவில்லை. மூட்டை சுமப்பவன் இல்லாமல் சவாரி இல்லை என்பது அவர்களுக்குப் புரிந்தது. வழக்கமாகவே ராக்னி முதலில் இரண்டாம் அணியை அனுப்பி எதிரியைக் களைக்கச் செய்து, பின்னரே முதல் அணியை இறக்குவார். அதனால் பெயர் வராத பையன்களுக்கும் ஒவ்வொரு வாரமும் வேலை இருந்தது.

அடுத்த வாரம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை 12-0 என்று வென்றனர். பிறகு ஜார்ஜியா டெக் 34-3, விஸ்கான்சின் 38-3. நவம்பர் 15-ஆம் நாள் நெப்ராஸ்கா அணி சௌத் பெண்டுக்கு வந்தது. இந்தப் பையன்கள் சேர்ந்து ஆடிய மூன்று ஆண்டுகளில் தோற்றது இரண்டே முறை. 1922-இலும் 1923-இலும் இதே நெப்ராஸ்காவிடம், அவர்கள் ஊரில். கத்தோலிக்கர்களைக் குறித்த வசைகளையும் அங்கே கேட்டு வந்திருந்தனர். இம்முறை 34-6. பழைய கணக்கு தீர்ந்தது. நார்த்வெஸ்டர்ன் 13-6, கார்னகி டெக் 40-19. ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி.

கலிபோர்னியாவில் புத்தாண்டன்று நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. எதிரி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். தெற்கு வழியாக நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன், டூசான் என்று இறங்கி இறங்கிச் சென்ற நெடும் இரயில் பயணம். உடன் சென்றவர் மாணவர் ஆன்ம காரியங்களைக் கவனித்த ஜான் ஓ'ஹாரா அடிகள். பின்னாளில் பிலடெல்பியா பேராயராகவும் கர்தினாலாகவும் உயர்ந்தவர். வழியில் பையன்கள் திருப்பலி கண்டு நற்கருணை வாங்கினர். இரயில் நின்ற ஊர்களில் கத்தோலிக்க மக்கள் கூடி வரவேற்றனர். சலவைக்காரிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் போலீஸ்காரர்களும் தங்கள் பிள்ளைகள் என்றே இவர்களை எண்ணினர். அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை அவர்களில் பெரும்பாலோர் கண்டதே இல்லை.

1925 ஜனவரி 1. முதலில் ஸ்டான்போர்டு 3 புள்ளிகள் எடுத்தது. கணுக்கால்கள் அண்மையில்தான் முறிந்து கூடியிருந்தும் எர்னி நெவர்ஸ் என்னும் வீரர் அவர்கள் பக்கம் அஞ்சாமல் ஆடி 114 கஜம் ஓடினார். எதிரியானாலும் அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. உண்மையில் களத்தில் அதிக தூரம் முன்னேறியது ஸ்டான்போர்டுதான். ஆனால் அவர்கள் எறிந்த பந்தை லேடன் இரண்டு முறை இடைமறித்துப் பிடித்து, மைதானத்தின் பெரும்பகுதியைத் தாண்டி ஓடி எல்லையைத் தொட்டார். மொத்தம் மூன்று முறை அவரே தொட்டார். முடிவு 27-10. பத்து ஆட்டத்திலும் தோல்வியின்றி நோட்டர் டேம் நாட்டின் முதன்மை அணி ஆயிற்று. அதன்பின் இப்படிப்பட்ட பருவ இறுதி ஆட்டங்கள் படிப்பைக் கெடுக்கும் என்று கருதி, 1970 வரை அப்பல்கலைக்கழகம் மீண்டும் அவற்றுக்குப் போகவில்லை. இதையும் நம் பெற்றோர் கவனிக்கலாம்.

இவ்வளவு நாளும் ராக்னி லூத்தரனாகவே இருந்தார். மதம் மாறும்படி கல்லூரிக் குருக்கள் அவரை நெருக்கியதில்லை. கிழக்கே ஓர் ஊரில் ஆட்டத்துக்காகத் தங்கியிருந்தபோது ஒரு நாள் விடியற்காலையில் உறக்கம் வராமல் ஓட்டல் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தாராம். பெரிய ஆட்டத்துக்கு முன் நன்றாக உறங்க வேண்டிய பையன்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து வெளியே போனார்கள். விசாரித்தால், திருப்பலிக்கு என்று தெரிந்தது. தாம் மட்டும் உட்கார்ந்திருப்பது வெட்கமாகத் தோன்றவே அவரும் உடன் எழுந்து சென்றார். அன்று பின்வரிசையில் இருந்து அவர்கள் நற்கருணை வாங்குவதைப் பார்த்தது மனத்தில் தங்கிவிட்டதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார்.

1925 நவம்பர் 20-ஆம் நாள், பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மரக்கட்டைச் சிற்றாலயத்தில் வின்சென்ட் மூனி அடிகள் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். விளம்பரம் ஏதுமில்லை. மறுநாள் காலை, தம் பெயரே கொண்ட சிறு மகனோடு ஒன்றாக மண்டியிட்டுப் புதுநன்மை வாங்கினார். தந்தை பக்கத்தில் வந்து நின்றதைக் கண்டு அந்தச் சிறுவன் என்ன நினைத்தானோ! அன்று பிற்பகலே ஓர் ஆட்டம். இடைவேளையில் 0-10 என்று பின்தங்கியிருந்த அணி 13-10 என்று வென்றது.

பின் வந்த ஆண்டுகள் எல்லாம் வெற்றியல்ல. 1928-இல் நான்கு தோல்விகள். அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் இராணுவ அணியுடன் ஆட்டத்தின்போது, எட்டு ஆண்டுகளுக்கு முன் 25 வயதில் நிமோனியாவில் இறந்துபோன தம் சிறந்த ஆட்டக்காரன் ஜார்ஜ் கிப்பைப் பற்றி அணியிடம் பேசினார். என்றாவது அணி தளர்ந்திருக்கும்போது தனக்காக ஓர் ஆட்டம் வென்று தரச் சொல் என்று மரணப் படுக்கையில் கிப் கேட்டதாகச் சொன்னார். அணி 12-6 என்று வென்றது. கிப் உண்மையில் அப்படிக் கேட்டானா என்று ஆராய்ந்தவர்கள் ஐயப்படுகிறார்கள். பில்லியின் தந்தியை அறிந்த நாமும் ஐயப்படலாம். ஆனால் கிப்பின் இறுதி நாள்களில் ராக்னி அவன் கட்டிலருகே சென்று வந்ததில் ஐயமில்லை.

1929-இல் காலில் இரத்தம் உறைந்து, அசைந்தால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். சக்கர நாற்காலியில் அமர்ந்து பயிற்சி அளித்தார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் ஒரு தோல்வியும் இல்லை. 1930-இல் அவர் நெடுநாள் வாதாடிப் பெற்ற புதிய அரங்கம் கல்லூரியில் திறக்கப்பட்டது. 13 ஆண்டுகளில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை என்பது அவர் கணக்கு.

1931 மார்ச் 31, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. திரைப்பட வேலை ஒன்றுக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லக் கான்சாஸ் சிட்டியில் விமானம் ஏறினார். அவ்வூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போக நினைத்திருந்தார். அவர்கள் வந்த இரயில் தாமதமாகவே பார்க்க இயலாமல் புறப்பட்டார். சில மணி நேரத்துக்குள் பஸார் என்னும் சிற்றூருக்கருகே, மேய்ச்சல் நிலத்தில் அந்த விமானம் விழுந்தது. இருந்த எண்மரும் மாண்டனர். மரத்தாலான இறக்கை, ஈரம் ஏறிப் பசை விட்டுப்போனதால் வானத்திலேயே முறிந்திருந்தது. அவருக்கு வயது 43.

பெரிய சனிக்கிழமை, ஏப்ரல் 4-ஆம் நாள், கல்லூரியின் திரு இருதய ஆலயத்தில் அடக்கச் சடங்கு நடந்தது. வானொலி அதைக் கடல் கடந்தும் ஒலிபரப்பியது. நார்வே அரசர் தம் சார்பில் ஒருவரை அனுப்பினார். பெட்டியைச் சுமந்தவர்கள் கடைசியாக அவரிடம் பயின்ற பையன்கள். அந்த விபத்தால் எழுந்த பொதுமக்களின் கொதிப்பினால், விமான விபத்துகளின் காரணங்களை அரசு வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது. மர இறக்கை விமானங்கள் பயணிகளை ஏற்றுவது குறைந்து, முழுவதும் உலோகத்தாலான விமானங்கள் வந்தன.

அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, 1988 மார்ச் 9-ஆம் நாள் நோட்டர் டேம் வளாகத்தில் அவர் உருவம் பொறித்த 22 சென்ட் தபால் தலை வெளியிடப்பட்டது. 1940-இல் ராக்னியின் வாழ்க்கைப் படத்தில் ஜார்ஜ் கிப்பாக நடித்த ரொனால்ட் ரேகன், அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராக அங்கே வந்திருந்தார். சிகாகோ தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்த இளைஞனின் முகம், அன்று முதல் கடிதங்களின்மேல் ஒட்டப்பட்டு ஊர் ஊராகச் சென்றது.